கிணத்தடிக் குழாயில் கார் ஆர்ம்

கேள்வி: லோட்டஸ் செவன் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் சின்னக் கார் ஒன்றை வீட்டிலேயே கட்டுகிறேன். முன் சில்லுகளைக் காரோடு இணைக்கும் வி வடிவ விஷ்போன் ஆர்ம்களை ஒரு அங்குல ஜீ.ஐ. குழாயில் நானே வெல்டிங் செய்து ஒட்டலாமா? பிறகு குரோம் பூசவும் ஆசை.
வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: குழாயைக் கிணத்தடிக்கே விட்டுவிடும், தம்பி. ஒட்டும்போது அதில் பூசிய துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் இரவுக்குக் குளிரும் காய்ச்சலும்தான். பூச்சைச் சுரண்டினாலும் உள்ளே நெடுக ஒரு பொருத்து ஓடும். ரோர்ச் அடித்துப் பாரும். பொருத்தில்லாத உருக்குக் குழாய் எடும். 25 மில்லிமீற்றர் விட்டம், 3 மில்லிமீற்றர் தடிப்பு, 500, 600 கிலோ வண்டிக்குக் காணும்.

ஆனால் குழாயை விட ஜிக்தான், அதாவது ஒட்டும்போது குழாய்களை அசையாமல் பிடிக்கும் அச்சுத்தான், பெரிய வேலை. தொண்ணூறுகளில், சாமான் ஒன்றும் வராமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின காலம், ஒரு ஒஸ்ரின் ஏ40இன் கீழ் ஆர்மை நிலத்தில் சோக்கால் கோடு கீறி வைத்து ஒட்டினேன். ஆறினபோது 3 மில்லிமீற்றர் உள்ளுக்கு இழுத்திருந்தது. போல்ற் போகவில்லை. சுத்தியலால் தட்டி ஏத்தினேன். இரண்டு மாதத்தில் கார்க்காரர் வாசலில். ஆர்ம் முனையில் போல்ற்றைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் உதிர்ந்து, கார் இடப்பக்கம் இழுக்குது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

ஆகவே 10 மில்லிமீற்றர் தகட்டில், புஷ் வரும் இடங்களில் போல்ற் நிறுத்தி, குழாய்களை அதில் பூட்டும். முதலில் எல்லா மூலையிலும் சின்னப் பொட்டாக மட்டும் ஒட்டி வையும். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக நிரப்பும். ஆறும்வரை கழற்றக்கூடாது. அவசரத்துக்குத் தண்ணியும் ஊத்தக்கூடாது, உருக்கு நொறுங்கிற பதத்துக்கு வரக்கூடும். சூட்டில் புஷ் உட்காரும் கூடு நெளியும். கடைசல் பட்டறையில் உள்ளே சீராகக் கடைந்த பிறகே ரப்பர் புஷ்ஷை ஏத்தலாம்.

போல்ற்றின் தலையில் 8.8 என்ற வலிமைக் குறி இருக்க வேணும். மரை வெட்டின பகுதி, ஆர்மைக் காரில் பிடிக்கும் பிராக்கெட்டின் துளைக்குள் நிற்கக்கூடாது.

குரோம் வேண்டாம். குரோம் பூசும் தொட்டியில் ஐதரசன் உருக்குக்குள் ஏறி, பிறகு ஒருநாள் ஆர்ம் சொல்லாமல் கீறல் விட்டு முறியலாம். வெளிர் நிறப் பெயின்ற் அடித்தால் வெடிப்புக் கீறல் கண்ணுக்காவது தெரியும்.

பெயின்ற்றுக்கு முன்னம் ஒட்டின இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, அரை மணித்தியாலம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவும். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு ஒன்று மெல்ல ஊறி வரும். வந்தால் அதற்கு மேல் திரும்ப ஒட்டாதையும். ஜிக் இருக்குத்தானே, புதிதாக ஒன்று செய்யும்.