பழைய காருக்குப் புது டாங்கி: கேள்வி பதில்

மலேசியாவில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பெட்ரோல் டாங்கி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

செந்தூலிலிருந்து: அண்ணே, என் மோரிஸ் மைனர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திணறி நின்றுவிடும். கார்புரேட்டரைத் திறந்தால் அடியில் பழுப்புத் தூள். போர்மேன் (மெக்கானிக்) டாங்கியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. அடுத்த முறை நின்றவுடன் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழி இல்லாவிட்டால், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் (பெட்ரோலைத்தான் சொல்கிறேன்) வராது. மூடியைச் சுத்தம் செய்தால் அந்தக் கோளாறு சரியாகிவிடும்.

பழுப்புத் தூள் வேறு விஷயம், அது துருதான். அடியிலுள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றி, முதலில் வரும் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், துரு அதற்கும் கீழே படியும். நம் ஊர் ஈரக் காற்றில் பாதி காலியாக நிற்கும் டாங்கிக்கு இது சகஜம். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் ஈரக் காற்று உள்ளே வரும், மேல் சுவரில் வியர்த்து வழிந்து அடியில் தங்கும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடும் கார்களில்தான் இது அதிகம்.

பிறகு வெளியே, விளிம்பு மடிப்பையும் தகடுகள் சேரும் தையலையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கழுவித் தப்பிக்கலாம். மந்தமாகக் கேட்டாலோ, தகடு அமுங்கினாலோ, தையலில் ஈரம் கசிந்தாலோ, போர்மேன் சொன்னதுதான் சரி.

பட்டர்வொர்த்திலிருந்து: ஓட்டை ஊசி முனை அளவுதான். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வெல்டிங் போடலாமா?

கூடாது. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்து. காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கிலிருந்து ஏழரை பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பொறி போதும், வெடித்துவிடும். நீங்கள் எத்தனை முறை கழுவினாலும் துருவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊறியிருக்கும் எண்ணெய், சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். நீராவியில் கொதிக்க வைத்து, எரியாத வாயுவை நிரப்பி வெல்டிங் செய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. எப்பாக்ஸி பூசுவது வீடு போய்ச் சேர மட்டும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து: அண்ணா, அப்பாவின் ஃபோக்ஸ்வாகன் பீட்டலுக்கு ஹாஃப் கட் கடையில் டாங்கி தேடலாமா?

ஹாஃப் கட் என்றால் பெரும்பாலும் வெட்டி எடுத்த பழைய காரின் முன்பாதி. மற்றவர்களுக்கு டாங்கி பின்னால் இருக்கும், அதனால் கிடைக்காது. உங்கள் பீட்டலுக்கு டாங்கி முன்னால் பானட்டுக்குக் கீழே இருப்பதால் கேள்வி நியாயமானதுதான்! ஆனாலும் பழையதை வாங்காதீர்கள், வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த டாங்கிக்குள் துரு இன்னும் மோசமாக இருக்கும். புதிதாகச் செய்த டாங்கி கிடைக்கிறது. வாங்கும்போது வருடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், தங்கச்சி. 1961 மாடலில் டாங்கி தட்டையானது, 1968 மாடலில் எண்ணெய் ஊற்றும் வாய் வெளியே ஃபெண்டருக்கு வந்தது, சூப்பர் பீட்டலுக்கு வேறு டாங்கி.

ஆயர் ஈத்தாமிலிருந்து: என் மினி காரில் டாங்கியை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். எங்கே கவனம் வேண்டும்?

மினியில் டாங்கியும் பேட்டரியும் பின்னால் சாமான் வைக்கும் ஒரே டிக்கிக்குள் இருக்கின்றன, இதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். காரை வெளியே நிறுத்துங்கள். பள்ளம் இருக்கும் பட்டறை வேண்டாம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கிவிடும்.

பழைய மினிகளில் இடப்பக்க டாங்கி 25 லிட்டர், நிறைந்திருந்தால் எண்ணெயே ஏறக்குறைய 18 கிலோ, அதனால் வடித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். எண்ணெய் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை யூனிட்டின் பூட்டு வளையம் இறுகியிருக்கும். பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள், இரும்பு உளியால் வேண்டாம், பொறி பறக்கும்.

கழற்றிய கையோடு ரப்பர் குழாய், கிளிப், வாஷர், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். புது டாங்கியைப் போட்டுவிட்டு விரிசல் விட்ட பழைய குழாயை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். குழாய் வாங்கும்போது மேலே பெட்ரோல் குழாய்க்கான தரக்குறி ‘எஸ்ஏஇ ஜே30’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள், ‘ஆர்9’ என்றால் இன்னும் நல்லது. தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள். டிக்கியை மூடுவதற்கு முன் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், கசிவு இருந்தால் உடனே தெரியும்.

கிள்ளானிலிருந்து: டாங்கி மாற்றிய நாளிலிருந்து எண்ணெய் மீட்டர் அசையவே இல்லை.

பெயிண்ட்தான் காரணமாக இருக்கும். பல பழைய கார்களில் மிதவை யூனிட் டாங்கியின் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகும், புது டாங்கியில் பெயிண்ட் தடுக்கும். பெயிண்டைச் சுரண்டாமல், யூனிட் திருகிலிருந்து காரின் உடலுக்குத் தனி எர்த் ஒயர் போடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் யூனிட்டைச் சோதியுங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: பழைய மெர்சிடிஸ் டீசல். டாங்கியைக் கழுவிய பிறகும் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டு டீசலில் பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. பி10 என்றால் 10 விழுக்காடு. அது பழைய படிவுகளைக் கரைத்துக் குழாய்களிலிருந்தும் இழுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று ஃபில்டர் போகும், பிறகு நின்றுவிடும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அது மென்மையாக்கிவிடும் என்பதால் அவற்றையும் மாற்றுங்கள்.

செந்தூல் நண்பரே மறுபடியும்: வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது?

லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், அது ஆற்றுக்குத்தான் போகும், வழியில் யாராவது சிகரெட்டைப் போட்டால் வேறு கதை. மூடியுள்ள உலோகக் கேனில் பிடித்து வையுங்கள். கழிவு எண்ணெயை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் பட்டறை உங்கள் பக்கமே இருக்கும், போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள்.