திருகோணமலையில் இருந்து முதல்முறையாக இமயமலைக்குப் போகிறேன். நேபாளத்தின் கோசாய்குண்டம் ஏரிக்கரையில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கும் குழுவோடு சேரலாமா? எனக்கு அந்தளவு உடற்தகுதி இருக்கிறதா? உயர நோயைத் தடுக்க டயமொக்ஸ் குளிசை எடுக்கவேண்டுமா?

சேரலாம். ஆனால் "எனக்கு அந்தளவு உடற்தகுதி இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்டது இரண்டாவது கேள்வி. காசு கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ஏரிக்கு முந்தைய இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம்?"

திருகோணமலை கடல்மட்டம். இலங்கையின் உச்சியான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், சிவனொளிபாதமலை 2,243. உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் உயர நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவதே 2,500 மீற்றருக்கு மேல். ஆகவே உங்கள் உடம்பு உயரத்தை எப்படித் தாங்கும் என்று நம் நாட்டில் எங்கு ஏறியும் பார்த்துவிட முடியாது. கோசாய்குண்டம் 4,380 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். தினமும் ஓடுகிறவருக்கும் அங்கே தலையிடி வரலாம். வேகமாக ஏறிவிடுவதால் சிலவேளை அவருக்குத்தான் முதலில் வரும்.

3,000 மீற்றருக்கு மேல் போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் பரவாயில்லை, படுக்கும் இடம்தான் கணக்கு. வழமையான பாதையில் படுக்கும் இடங்கள்: நடை தொடங்கும் துன்சே சுமார் 2,000 மீற்றர், சந்தன்பாரி சுமார் 3,300, லவுரிபினா சுமார் 3,900, பிறகு ஏரி. நாளைக் குறைத்து விலையைக் குறைக்கும் ஏற்பாட்டாளர்கள் லவுரிபினாவை வெட்டிவிட்டு, சந்தன்பாரியில் படுத்து அடுத்த இரவே ஏரி என்பார்கள். ஒரே நாளில் ஆயிரம் மீற்றருக்கு மேல்! அந்தக் குழுவில் சேராதீர்கள். சந்தன்பாரியில் இரண்டு இரவு (அங்கிருந்து லவுரிபினா 500ஐச் சற்றுத் தாண்டுவதால்), லவுரிபினாவில் ஒன்று, அதன் பிறகு ஏரி என்றால் சேருங்கள்.

அடுத்த கேள்வி: "ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் அவரோடு யார் இறங்குவார்?" பன்னிரண்டு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் இதற்குப் பதிலே கிடையாது. அவர் நோயாளியோடு இறங்கினால் மற்றப் பதினொரு பேரும் தனித்துப்போவார்கள். இறங்காவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. குறைந்தது இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். குழுவாகப் போவதில் எனக்கு இருக்கும் பெரிய பயமும் இதுதான். மற்றவர்களைப் பிந்தவைக்கக் கூடாது என்று ஆட்கள் தலையிடியை மறைப்பார்கள். மறைக்காதீர்கள். தலையிடியோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைச்சுற்றோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. சுகமில்லாதவரை, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோர்த்திருக்கலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமினால், நுரையீரலில் நீர் கோர்த்திருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்காமல் இறங்கவேண்டும்.

டயமொக்ஸ் குளிசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தடுப்புக்கு வழமையாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது. விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லி, வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

"நேபாளத்துப் பிள்ளைகள் செருப்போடு ஏறுதுகள், இவர் பயங்காட்டுகிறார்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளையோடு கடற்கரையில் வளர்ந்தவரை ஒப்பிடக்கூடாது. ஏரியில் நடக்கும் ஆவணித் திருவிழாவுக்கு வரும் நேபாளத்து யாத்திரிகர்களே நோயாகிறார்கள். அதற்காகத்தான் இமாலய மீட்புச் சங்கம் அந்த நாட்களில் அங்கே மருத்துவ முகாம் போடுகிறது.

குளிருக்கு வருவோம். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கடல்மட்டத்தில் 30 பாகை என்றால் 4,380 மீற்றரில் 2 பாகை. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும். பருத்தி ரீ-சேர்ட், டெனிம், சாரம் எதையும் நடைக்கு எடுக்காதீர்கள். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பை உறையவைக்கும். பந்து விளையாடும் பொலியெஸ்டர் ஜேர்சி போதும், அதற்கு மேல் பிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. படுக்க மட்டும் ஒரு சோடி காய்ந்த உடுப்பும் கம்பளிக் காலுறையும் பொலித்தீனில் கட்டித் தனியே இருக்கட்டும்.

தூக்கப்பையில் மூன்று வெப்பநிலை எண் அச்சிட்டிருக்கும்: வசதி, எல்லை, உச்சம். வாடகைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வது மூன்றாவதை. அது உயிர் தப்பும் அளவு மட்டுமே, அதில் நித்திரை வராது. வசதி எண் மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே பாய் சரியில்லை என்றால் எந்தப் பையும் உதவாது, சூட்டை நிலம் இழுத்துவிடும். காற்றுப் பாய்க்கு அடியில் ஒரு நுரைப் பாயும் போடுங்கள். குளிர் என்று கூடாரத்தை முழுக்க மூடினால் மூச்சின் ஈரம் உட்துணியில் படிந்து, விடியற்காலை முகத்தில் சொட்டும். மேல் காற்றுவாயிலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். போன், பவர் பாங்க், தண்ணீர் வடிகட்டி மூன்றும் தூக்கப்பைக்குள் உங்களோடு படுக்கவேண்டும். வடிகட்டியின் உட்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும், வெளியே பார்த்துத் தெரியாது.

பையின் பாரம் உங்கள் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. பயிற்சிக்குத் திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றம் நல்லது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஆறு போட்டால் 9 கிலோ. வாரம் மூன்று நாள், ஐந்தாறு தடவை ஏறி இறங்குங்கள். மேலே போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்காதீர்கள், தொடைத் தசை பழகுவது இறக்கத்தில்தான். ஏரியில் இருந்து துன்சேக்கு 2,300 மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். புதுச் சப்பாத்தும் இதே பயிற்சியில் பழகட்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும்.

சிவபெருமான் ஆலகால விஷத்தின் எரிவு தணிக்கச் சூலத்தால் குத்தி உண்டாக்கிய ஏரி என்பது நம்பிக்கை, ஆகவே விரதத்தோடு ஏறும் எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். பக்தியைக் குறைசொல்லவில்லை, ஆனால் ஏறும் நாளில் வெறும் வயிறு வேண்டாம். கச்சான், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை சட்டைப்பையில் இருக்கட்டும், மணிக்கொரு தடவை சாப்பிடுங்கள். அங்கே தண்ணீர் சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு அரைவேக்காடுதான், குழு கொண்டுவருகிறதா என்று கேளுங்கள். தீர்த்தம் ஆடுவதென்றால் விடியற்காலையில் வேண்டாம், வெயில் ஏறிய பின், துவாயும் காய்ந்த உடுப்பும் கரையில் எடுத்து வைத்துவிட்டு ஒரே முழுக்கு. சவர்க்காரம் போடவே கூடாது, அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2007இல் சேர்ந்த இடம். மலம் கழிக்க ஏரியில் இருந்து 60 மீற்றராவது தள்ளிப்போய் 15 சென்ரிமீற்றர் குழி தோண்டுங்கள். நம் கோட்டை மான்கள் பக்தர்கள் எறிந்த பொலித்தீன் பையைச் சப்புவதைப் பார்த்தும் நாம் திருந்தவில்லை. அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோகாதீர்கள். தின்ற பண்டங்களின் உறை எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வரவேண்டும்.

அடுப்புக்கான காஸ் குப்பியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், காத்மாண்டுவில் தமேலில் வாங்கலாம். ஏரி இருக்கும் லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக்குச் சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. கடவுச்சீட்டைப் பெரிய பைக்குள் புதைக்காமல் கையோடு வைத்திருங்கள்.