என் தோலிலிருந்தே கொலாஜன் எடுத்து எனக்கே போட முடியுமா?

கேள்வி: கன்னத்தில் பள்ளமாக ஒரு அம்மைத் தழும்பு இருக்கிறது. மாட்டுக் கொலாஜன் ஊசி போடுமுன் செய்த பரிசோதனையில் கை சிவந்து தடித்துவிட்டது. என் தோலிலிருந்தே எடுத்துப் போட்டால் நிரந்தரமாக இருக்குமா?

பதில்: போட முடியும், ஆனால் நிரந்தரமாக இருக்காது. கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதம்.

முதலில், அந்தப் பரிசோதனை உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு அமெரிக்காவில் 1981-இல் அனுமதி கிடைத்தது. நூறில் சுமார் மூன்று பேருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் முன்கையில் துளி மருந்து போட்டு நான்கு வாரம் பார்ப்பது வழக்கமானது. கையில் வந்த அந்தத் தடிப்பு முகத்தில் வந்திருந்தால் எவ்வளவு அவஸ்தை, யோசித்துப் பாருங்கள்.

சொந்தக் கொலாஜனில் இந்த ஒவ்வாமைப் பயம் மிகக் குறைவு. 1990-களில், வேறு அறுவைசிகிச்சையில் வெட்டி எடுத்த தோலைச் சுத்தம் செய்து, செல்களை நீக்கி, நாராக்கி ஊசியில் அடைத்து அதே நோயாளிக்குப் போட்டார்கள். ஆனால் சொந்தமோ மாடோ, பழைய கொலாஜனைக் கரைக்கும் நொதி நம் உடம்பிலேயே இருக்கிறது, அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

கரைவதைத் தாமதிக்க நார்களை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைப்பார்கள். இதயச் சிகிச்சையில் இதை அழகாகப் பார்க்கலாம்: ஜப்பானிய மருத்துவர் ஒசாகி 2007-இல் தொடங்கிய முறையில், நோயாளியின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் ஒரு துண்டை எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, நார்களைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் 0.6 சதவீதக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, உப்புநீரில் அலசி, அளவு பார்த்து வெட்டி, அவருக்கே வால்வு இதழாகத் தைத்துவிடுகிறார்கள். அந்த உறை பெரும்பாலும் கொலாஜன்தான். அப்படிப் பதப்படுத்தியதிலும் காலப்போக்கில் சுண்ணாம்பு படியலாம்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? ஒரு சின்னத் தழும்புக்காக இன்னொரு இடத்தில் தோலை வெட்டிப் புதுத் தழும்பு வாங்கிக்கொள்வதை நான் சொல்லமாட்டேன். தழும்பைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவது, பள்ளத்தை நிரப்பும் ஜெல்லான ஹயலூரானிக் அமில ஊசி, உங்கள் சொந்தக் கொழுப்பையே நிரப்புவது என்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவர் தழும்பை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதை மறக்கவே கூடாது. மாட்டுக் கொலாஜன் ஒத்துக்கொள்ளாது என்பதை உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தக் கசிவை நிறுத்தும் பஞ்சு, புண்ணுக்குப் போடும் தாள், பல் எலும்புச் சிகிச்சையில் வைக்கும் சவ்வு, இவற்றில் பலவும் மாடு அல்லது பன்றியின் கொலாஜன்தான். பல் மருத்துவர் தானாகக் கேட்காமல் போகலாம், நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.