வேலையை விட்டுவிட்டு எல்.எல்.பி. படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. பி.காம். முடித்துவிட்டு கோவையில் அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறேன், கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. மனைவிக்குத் தனியார் பள்ளியில் 18,000. வீட்டுச் செலவு 30,000. சேமிப்பு 4 லட்சம். மூன்று வருட எல்.எல்.பி. படித்து வக்கீலாக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தனியார் கல்லூரியில் சேர 5 லட்சம் கல்விக்கடன் எடுக்கலாமா? பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியில் "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்கிறார்கள். வேலையை விடாமல் அங்கே சேர்ந்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். வக்கீல்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி எல்.எல்.பி. நேரில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு, 70 சதவீத வருகை வேண்டும். இப்படி வகுப்பே நடத்தாத லெட்டர்பேட் கல்லூரிப் பட்டத்தோடு என்ரோல்மென்ட்டுக்கு, அதாவது வக்கீலாகப் பதிவு செய்ய, போய் நின்றால், அந்த மூன்று வருடமும் மாதாமாதம் உங்கள் பி.எஃப். கணக்கில் விழுந்த பணமே, நீங்கள் வகுப்பில் இல்லை, வேலையில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

சரி, கடனுக்கு வருவோம். வட்டி 10 சதவீதம், பணம் மூன்று தவணையாகக் கல்லூரிக்குப் போகிறது, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வட்டியே சுமார் ஒன்றரை லட்சம் சேர்ந்து, கடன் ஆறரை லட்சமாகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 8,600 ரூபாய். தொகை பயமுறுத்துவதாக இல்லை. அது எப்போது தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். அப்போது நீங்கள் ஜூனியராக இரண்டாவது வருடத்தில் இருப்பீர்கள்.

ஜூனியர் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் சீனியர் ஆபீஸில் கேஸ் கட்டுகளை எடுத்துவைத்து, கோர்ட்டில் வாய்தா வாங்கி, குமாஸ்தாவோடு சேர்ந்து கோர்ட்டில் இன்னும் வழக்கு எண் விழாத மனுவுக்கு அலைந்து, மாலையில் மறுபடி ஆபீஸ். பெட்ரோல், ஜெராக்ஸ் பல நாள் கைக்காசு. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்றது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. அந்தத் தொகையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். கிடைத்தால் சந்தோஷம்.

வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே முழுநேரச் சம்பள வேலையும் பார்க்க விதி இடம் தராது. ஆக, நீங்கள் கணக்குப் போட வேண்டியது படிக்கும் மூன்று வருடத்துக்கு மட்டும் இல்லை, ஜூனியராக இருக்கும் மூன்று வருடமும் சேர்த்து ஆறு வருடத்துக்கு. கேட்பவர்கள் எல்லோரும் ஃபீஸை மட்டும்தான் கேட்கிறார்கள். மனைவி சம்பளம் போக உங்கள் வீட்டில் மாதம் 12,000 துண்டு விழும். 36 மாதத்துக்கு 4,32,000 ரூபாய். கறுப்பு கவுனைப் போடுவதற்கு முன்பே சேமிப்பு காலி.

நான் சொல்வது இது. ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். இப்போது மாதம் 26,000 மிஞ்ச வேண்டும், அதில் 20,000 கட்டாயமாக ஆர்.டி.யில் போகட்டும். வருட முடிவில் சேமிப்பு 6,40,000. அரசு சட்டக் கல்லூரிக்கே விண்ணப்பியுங்கள். டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். கிடைத்தால் ஃபீஸுக்கென்று கடன் தேவைப்படாது. படிக்கும்போது மாலையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டு 8,000 சம்பாதித்தால், துண்டு விழுவது 4,000 மட்டும். மூன்று வருடத்தில் 1,44,000 போனாலும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும். ஜூனியர் காலத்தில் சீனியர் ஒரு பைசா தராவிட்டாலும், மாலை வேலை நின்றே போனாலும், மூன்று வருடம் சமாளிக்கலாம். அந்தக் கடைக்காரர்கள்தான் உங்கள் முதல் கட்சிக்காரர்களாகவும் வரப்போகிறார்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லித்தான் வேலை வரும். சீனியரைத் தேடும்போதும் வரி வழக்கு, செக் பவுன்ஸ் கேஸ் பார்ப்பவராகத் தேடுங்கள். உங்கள் பி.காம். அங்கேதான் விலை போகும்.

என்ரோல்மென்ட் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. முத்திரைச் செலவு தனி. அப்புறம் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. நீதிபதி ஆகிற எண்ணம் இருந்தால், சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்பது 2025 மே மாதத் தீர்ப்பு. ஜூனியர் காலத்துக்குப் பணம் ஒதுக்க அதுவும் ஒரு காரணம்.

பி.எஃப்.-ஐத் தொடாதீர்கள். ஆபீஸ் மெடிக்கல் பாலிசி நீங்கள் விலகும் நாளோடு முடிந்துவிடும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்குச் சில மாதம் முன்பே உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் தனியாக ஒரு பாலிசி எடுத்து, முதல் பிரீமியத்தைச் சம்பளத்திலிருந்தே கட்டிவிடுங்கள்.