ஏரியாவைப் பார்க்காதே, ரயில் ரூட்டைப் பார்!

கேள்வி: அன்புள்ள அக்கா, பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷமாக எங்கள் ஊர் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 9,000 ரூபாய். டேலி கணக்கு சாஃப்ட்வேர் நன்றாகத் தெரியும். சென்னை வேலைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால், "இப்போ சென்னையிலயா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். "வேலை கிடைச்ச பிறகு போ" என்கிறார் அம்மா. பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தோழி, "முதல்ல வா, என் ரூம்லயே இருந்துக்கிட்டு தேடு" என்கிறாள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்: தங்கச்சி, பெரிய கம்பெனி வேலை என்றால் அம்மா சொல்வதுதான் சரி. வீடியோவிலேயே இன்டர்வியூ வைத்து, ஆர்டர் அனுப்பி, வந்து சேர நாளும் கொடுப்பார்கள். கணக்கு வேலை அப்படி நடப்பதில்லை. ஆடிட்டர் ஆபீஸ், மருந்து ஏஜென்சி, ஹார்டுவேர் மொத்த வியாபாரி என்று எதை எடுத்தாலும், இருக்கிற பெண் கல்யாணமாகிப் போனால் அல்லது பையன் வேறு இடம் தாவினால்தான் இடம் காலியாகும். காலியான மறுநாளே ஆள் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். வெளியூர் முகவரி போட்ட ரெஸ்யூம் கட்டின் அடியில் போவதைத் தினம் பார்த்திருக்கிறேன். திறமையில் சந்தேகம் இல்லை. "இந்தப் பொண்ணு எப்போ கிளம்பி, எப்போ ரூம் பார்த்து, எப்போ வந்து உட்காரும்?" என்ற கவலைதான்.

ஆகவே கிளம்பி வா. ஆனால் பெருங்குடிக்கு வராதே.

உன் தோழிக்கு ஆபீஸ் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), அவளுக்கு அந்த ரூம் சௌகரியம். உனக்கான வேலை பாரிமுனை, தி.நகர், மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், கிண்டி எஸ்டேட், அம்பத்தூர் எஸ்டேட் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. வேலை எங்கே அமையும் என்று தெரியாதவர்கள் ஏரியா பார்த்து ரூம் எடுக்கக் கூடாது, ரயில் பாதையைப் பார்த்து எடுக்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் பாதையில் குரோம்பேட்டை, பல்லாவரம், பழவந்தாங்கல், சைதாப்பேட்டை, எங்கே இருந்தாலும் சரி. பாரிமுனைக்குக் கடற்கரை ஸ்டேஷன், தி.நகருக்கு மாம்பலம், கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. அம்பத்தூர்தான் கொஞ்சம் சுற்று: பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலுக்கு நடந்து, ஆவடி பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். அதுவும் நடக்கிற காரியம்தான். மாத சீசன் டிக்கெட் எடுத்துக்கொள், பெண்கள் பெட்டியில் ஏறு. வேலை எந்த மூலையில் கிடைத்தாலும் ரூமைக் காலி பண்ண வேண்டியிருக்காது.

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்திலேயே இறங்கிவிடு, எழும்பூர் வரை போய் மூட்டையோடு திரும்பி வராதே. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்குவார்கள்; அங்கிருந்து தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது.

தங்க லேடீஸ் ஹாஸ்டல் போதும். மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு ஏறக்குறைய எட்டாயிரம் ஆகும், ஒரு மாத அட்வான்ஸ் தனி. 2014-இல் வந்த சட்டப்படி பெண்கள் விடுதிக்கு உரிமம் கட்டாயம். "லைசென்ஸ் எங்கே மாட்டியிருக்கீங்க?" என்று சாதாரணமாகக் கேள். முகம் சுளித்தால் அடுத்த தெருவில் வேறு ஹாஸ்டல் இருக்கும். வேலை கிடைத்த பிறகு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தாம்பரத்திலும் ஆதம்பாக்கத்திலும் இருக்கின்றன, இரண்டுமே உன் ரயில் பாதையை ஒட்டித்தான்.

இப்போது உன் 40,000. இரண்டு மாத ஹாஸ்டல், அட்வான்ஸ், போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் முப்பதாயிரம் ஓடிவிடும். பெரும்பாலோர் மறந்துபோகும் ஒரு விஷயம், வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் சம்பளம் வரும். ஆகவே உனக்கு இருப்பது இரண்டு மாதம் என்று கணக்குப் போடாதே, ஒரு மாதம்தான். அதை எந்தத் தேதியில் தொடங்குகிறாய் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மாதத்தின் முதல் இருபது நாள் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் கால் வைக்காதே. 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனைக் கணக்கு), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்). அந்த நாட்களில் சாட்சாத் பெருமாளே ரெஸ்யூமோடு வந்தாலும் "வெச்சிட்டுப் போங்க" என்றுதான் பதில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் 22 கடைசி. அது கழிந்த மறுநாளிலிருந்து மாதக் கடைசி வரை ஆபீஸ் மூச்சு விடும், "நமக்கு இன்னொரு கை வேணும் சார்" என்று உள்ளேயே பேச்சு எழும். அந்த வாரம்தான் உனக்கு. மாதம் பிறந்து நான்கைந்து நாள் கழித்து வந்து இறங்கு. ஹாஸ்டல் பார்க்க, ரயில் பழக, ரெஸ்யூமில் சென்னை முகவரி போட அவகாசம் கிடைக்கும். வருஷத்தில் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். ஜூலையிலிருந்து வருமான வரி வேலை கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்து அதற்கு முன்பே ஆள் சேர்ப்பார்கள்.

நேரில் போகத்தான் சொல்கிறேன். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு, தி.நகரின் உள்தெருக்கள் ஆகிய இடங்களில் பழைய கட்டடங்களின் படிக்கட்டருகே பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போ. காலையில் ஆடிட்டர் வாடிக்கையாளர் இடத்துக்குப் போயிருப்பார்.

சும்மா பேசி அனுப்ப மாட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு கட்டு பில்லை நீட்டுவார்கள். ஆந்திராவிலிருந்து வந்த சரக்கு என்றால் ஐஜிஎஸ்டி, உள்ளூர் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பாதி பாதி. இது உனக்குத் தெரிந்திருக்கும். ஆள் தேறுவதும் கவிழ்வதும் 2பி (சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் பட்டியல்) ஒத்துப் பார்ப்பதில்தான்: கொள்முதல் பதிவேட்டில் இருக்கும் பில் 2பி-யில் வரவில்லை என்றால் என்ன செய்வாய்? "சப்ளையருக்குப் போன் பண்ணி ஜிஎஸ்டிஆர் 1 போட்டாச்சான்னு கேட்பேன், வரும் வரைக்கும் அந்த பில் வரிக்கான கிரெடிட்டை எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் பாதி வேலை உன்னுடையது. ரெஸ்யூமில் 'கடின உழைப்பாளி' என்று எழுதாதே, எல்லோரும் எழுதுகிறார்கள். "எண்ணெய் ஆலையில் ஒரு வருஷம், கொள்முதல், விற்பனை, பேங்க் ஒத்துப் பார்த்தல், மாத ரிட்டர்னுக்கு டேட்டா தயார் செய்தது நான்" என்று எழுது. ரிட்டர்ன் நீயே போட்டிருந்தால் அதை முதல் வரியில் எழுது.

சம்பளம் பேசும்போது பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று கேள். இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை, ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர். ஆள் குறைவான ஆபீஸில் இல்லையென்றால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை, சம்பளத்தில் அதை ஈடு கட்டிக் கேட்கலாம். அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவைக்காதே. காட்டு, நகல் கொடு, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடு.

இன்னொன்று, இதைப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டு இன்டர்வியூவுக்கு நடுவே மூன்று மணி நேர வெயிலில் எங்கே போவது? எழும்பூர் என்றால் கன்னிமாரா நூலகம், சைதாப்பேட்டை, கிண்டி பக்கம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். உட்கார இடம், மின்விசிறி, கழிப்பறை எல்லாம் உண்டு. காபிக் கடையில் 200 ரூபாய் அழ வேண்டாம்.

தோழியிடம் சண்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போ.

கேள்வி: மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துச் சென்னையில் நண்பர்களோடு தங்கி வேலை தேடுகிறான். ஒரு கன்சல்டன்சியில் 15,000 கட்டினால் ஒரகடத்தில் நிரந்தர வேலை என்கிறார்களாம். கட்டலாமா?

– ஒரு தந்தை, தர்மபுரி

பதில்: கட்டாதீர்கள் ஐயா. ஆள் வேண்டுமென்றால் கன்சல்டன்சிக்குக் கம்பெனிதான் காசு கொடுக்கும். பிள்ளையிடம் கேட்கிறார்கள் என்றாலே அங்கே கம்பெனி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரமணியில் மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென் மண்டல அலுவலகம் இருக்கிறது. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களை ஒரு வருஷ அப்ரன்டிஸாகக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவது அவர்கள் வேலை. உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே தருகிறது, பதிவுக்குப் பைசா கிடையாது. பாஸ் பண்ணி அதிக வருஷம் ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள், அதனால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களும் இலவசம்தான், தொழிற்சாலைக்காரர்கள் நேரடியாக வந்து உட்காருவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்கள் தாம்பரம், பூந்தமல்லி வழியாக ஆள் ஏற்றிப் போகின்றன. பையனின் ரூம் அதற்குத் தோதான இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த 15,000-ஐ ரூம் மாற்றக் கொடுங்கள்.