லாபியிஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணலன்னா யாரு பிடிக்கிறா?

அமெரிக்காவுல லாபியிங், அதாவது ஒரு கம்பெனிக்காகவோ சங்கத்துக்காகவோ அரசாங்கத்துகிட்ட பேசி சட்டத்தை, கொள்கையை மாத்தப் பாக்குற வேலை, பண்றவங்க பேரைப் பதிஞ்சு கணக்கு காட்டணும்னு சட்டம் இருக்கே, மீறினா நிஜமாவே ஆக்‌ஷன் எடுக்குறாங்களான்னு கேட்டிருக்கீங்க. எடுக்குறாங்க, ஆனா மாட்டுறது பெரும்பாலும் ஏற்கெனவே பேரைப் பதிஞ்சவங்கதான். பதியாமலே வேலை பாக்குறவங்க பக்கம் ரொம்ப அபூர்வமாத்தான் போறாங்க.

நான் வாஷிங்டன் பக்கத்துல ஒரு வர்த்தக சங்கத்துல அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்டி-2ன்னு ஒரு ஃபார்ம் போடணும், ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20, இந்த நாலு தேதியும் இன்னும் மனசுல அப்படியே இருக்கு. என்ன விஷயம்னு மூணெழுத்துக் குறியீடு, எந்த மசோதா, செனட்டா கீழ்சபையா இல்ல எந்தத் துறை, மொத்தம் எவ்ளோ செலவு, அதையும் பத்தாயிரம் டாலர் கணக்குல ரவுண்ட் பண்ணிக்கலாம். ஆனா எந்த உறுப்பினரைப் போய்ப் பாத்தீங்கன்னு கேட்க ஒரு கட்டம்கூட கிடையாது! அயர்லாந்துல 2015 சட்டப்படி யார்கிட்ட பேசுனீங்கன்னு பேரைச் சொல்லியே ஆகணும், லேட்டா போட்டா 200 யூரோ கட்டணும்.

அடுத்த ஓட்டை இந்த 20 சதவீதம். ஒரு கிளையண்டுக்காக மூணு மாசத்துல செலவழிக்கிற நேரத்துல 20 சதவீதமாவது லாபியிங்கா இருந்தாதான் சட்டப்படி லாபியிஸ்ட். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட டைம்ஷீட் ஒவ்வொரு குவார்ட்டரும் 18, 19லயே வந்து நிக்கும், கேட்டா மீதியெல்லாம் பொது ஆலோசனைன்னு சொல்லிடுவாங்க. எனக்கு மனசு ஒப்பவே இல்ல, ஆனா அதை சோதிச்சுப் பாக்க வெளியிலேர்ந்து யாரும் வரல.

ஏன்னா 1995 சட்டத்துலயே செனட் செயலாளருக்கும் கீழ்சபை கிளார்க்குக்கும் தணிக்கை பண்ற, விசாரிக்கிற அதிகாரம் கிடையாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. ஃபார்ம் வரலன்னா லெட்டர் போடுவாங்க, 60 நாள் டைம், அப்பவும் சரி பண்ணலன்னா வாஷிங்டன் டிசி அரசு வழக்கறிஞர் ஆபீசுக்கு அனுப்புவாங்க, அவங்க திரும்ப லெட்டர், மெயில். அபராதம் 2 லட்சம் டாலர் வரைக்கும், தெரிஞ்சே ஊழல் நோக்கத்தோட மீறினா 5 வருஷம் ஜெயில்னு பேப்பர்ல பலமாத்தான் இருக்கு. அமெரிக்க அரசோட தணிக்கை அமைப்பான ஜிஏஓ வருஷா வருஷம் சாம்பிள் எடுத்துப் பாக்குது, ஆனா அதுவும் தாக்கல் ஆன ஃபார்ம்லேர்ந்துதானே எடுக்கும். ஜேக் ஆப்ரமாஃப்ங்கிற லாபியிஸ்டோட ஊழலுக்கப்புறம் 2007ல சட்டத்தை இறுக்குனாங்க, கடைசில இந்தச் சட்டத்துல முதல் கிரிமினல் கேஸ் வந்தது 2020ல, அதுவும் அதே ஆப்ரமாஃப் மேல! 25 வருஷத்துல ஒருத்தர்.

அதுக்காக ஃபார்மே வீண்னு நான் சொல்லமாட்டேன். 2012 டிசம்பர்ல நம்ம நாடாளுமன்றமே முடங்குச்சே, வால்மார்ட் விவகாரத்துல, அது வெளிய வந்ததே இந்த ஃபார்மாலதான். வால்மார்ட் 2008லேர்ந்து அமெரிக்காவுல பண்ண லாபியிங் செலவு சுமார் 25 மில்லியன் டாலர், அந்த லிஸ்ட்ல இந்திய முதலீட்டு விஷயமும் இருந்துச்சு. அரசாங்கம் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில விசாரணையே வைக்க வேண்டியதாச்சு. இந்தியாவுல இதுக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரல.

செனட் வெப்சைட்ல எல்லா ஃபார்மும் யார் வேணா ஃப்ரீயா பாக்கலாம், ஏதாவது கம்பெனி பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க.