பிரச்சினையின் வேரைக் கண்டுபிடிக்க ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் போதுமா?

கேள்வி: எந்தப் பிரச்சினையானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் மூலகாரணம் தெரிந்துவிடும் என்கிறார்கள். நடைமுறையில் இது சரிவருமா?

சரிவரும். ஆனால் 'ஏன்' கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான மீட்டிங்குகளில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

டொயோட்டாவின் பொறியாளர் தாயீச்சி ஓனோ சொன்ன உதாரணம் பிரபலம். இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போயிற்று. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்துவிட்டன. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். இதில் ஐந்து என்ற எண்ணுக்கு மகிமை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பதிலும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால்தான் சொல்லக்கூடிய பதில், விஷயம் அதுதான். எதையும் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதே ஐந்தையும் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது 'ஏன்' வருவதற்குள் யாராவது ஒருவர் தலை உருளும்.

பள்ளியில் படித்த அறுவகை வினா ஞாபகம் இருக்கிறதா? மீட்டிங்கில் கேட்கப்படும் 'ஏன்' பலமுறை அறியாவினா வேடம் போட்ட அறிவினா. கேட்பவர் பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

அதனால் நான் முதலில் வேறு கேள்விகளைக் கேட்பேன். என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு. இந்த நான்கையும் இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையில், ஒன்றில் 'இருக்கிறது', மற்றதில் 'இருந்திருக்கலாம், ஆனால் இல்லை' என்று எழுதுவேன். அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரெகோ இருவரும் 1965இல் வெளியிட்ட நூலால் பரவலான முறை இது. உயிர்நாடி அந்த 'இல்லை' பத்திதான். அதை யாரும் லேசில் நிரப்புவதில்லை, சரியாக ஓடுவதைப் பற்றி யார் புகார் கொடுப்பார்கள்?

நான் பார்த்த ஒரு கேஸ். எக்செல் ரிப்போர்ட்டில் தேதிகள் தப்பாக வருகின்றன என்று புகார். 'ஏன்' என்றதும் ஒருவர் டேட்டா என்ட்ரி செய்தவரைக் கை காட்டினார், இன்னொருவர் சர்வரின் டைம்சோன் என்றார். எந்தத் தேதிகள் தப்பு என்பதை விட்டுவிட்டு, எவை சரி என்று பார்த்தோம். 13 முதல் 31 வரை உள்ள நாட்கள் எல்லாம் சரி. 1 முதல் 12 வரை உள்ளவைதான் தப்பு, அதிலும் 5/5 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தவை தப்பித்திருந்தன. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபைலில் நாள் முதலில், மாதம் அடுத்து. திறந்த கணினியின் அமைப்பிலோ மாதம் முதலில். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் அந்த வரிகளை எக்செல் வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டது.

ஊகங்களைச் சோதிக்கவும் அந்த 'இல்லை' பத்தியே போதும். டைம்சோன் சிக்கலாக இருந்தால் 12க்கு மேற்பட்ட நாட்களும் ஒருநாள் முன்பின் நகர்ந்திருக்கும். டேட்டா என்ட்ரி செய்தவரின் கவனக்குறைவு என்றால், பன்னிரண்டோடு அது எப்படி நிற்கும்? 'இல்லை' பத்தியை விளக்க முடியாத ஊகத்தை அடித்துவிடலாம். மிஞ்சுவதை எடுத்துக்கொண்டு 'ஏன்' கேட்க ஆரம்பியுங்கள். ஐந்தா, மூன்றா, ஏழா என்பது ஒரு பொருட்டே அல்ல.